அப்பாஸ் ரோடு

சமீஹா டென்னிஸ் மைதானத்தின் சிமெண்ட் தரையில் இடது கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறார். முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார், அடுத்த வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பவரைப் போல. புல் விரிப்பு ஓரமாகச் சுருண்டு கிடக்கிறது. தரையில் ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று வேலியோரம் நின்று ஒருநாள் கேட்டேன்.

"கை பசையிலயே கெடந்து மரத்துப் போச்சுங்க. கன்னத்துக்குத்தான் இன்னும் சூடு சொரணை இருக்கு" என்றார்.

கொடைக்கானல் பங்களாக்களின் மைதானங்களில் இப்போது செயற்கைப் புல்தான். நீளநீளமான விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒட்டியிருப்பார்கள். மார்கழி உறைபனியும் பகல் வெயிலும் மாறிமாறி இழுக்க, சில வருஷங்களில் அந்த ஒட்டு வாய் பிளந்துகொள்ளும். பந்து தப்பாக எழும்பும், ஓடுகிற கால் இடறும். அப்போது சமீஹாவுக்குப் போன் வரும். பண்ணைக்காட்டிலிருந்துகூட ஜீப் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள்.

அவர் பையில் ஒரு கட்டர், பசை டப்பா, தலை வாரும் சீப்பு. ஒட்டி முடித்ததும் இரண்டு பக்கப் புல்லையும் சீப்பால் வாரிச் சேர்ப்பார். "வகிடு தெரியக் கூடாதுங்க, அம்புட்டுதான் சோலி." பிறகு ஒட்டின்மேல் பாரம் வைப்பார். பூம்பாறைப் பூண்டு வந்த சாக்குகளில் மணல் நிரப்பியது. அவர் வேலை பார்க்கிற இடமெல்லாம் லேசாகப் பூண்டு மணக்கும்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்கு முதலில் விளங்கவில்லை. பசை தடவிக்கொண்டே மைதானத்தின் நடுவரை வருவார். அங்கிருந்து தொடராமல் எழுந்து மறுகோடிக்கு நடந்து போய், அங்கிருந்து நடுவை நோக்கி வருவார். ஒரே ஆள், இரண்டு பயணம். இந்த மைதானம் இருக்கிற வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெருமாயிதான் காரணம் சொன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவர். இன்றும் முதலாளி அவருக்குத் தொரைதான்.

"அந்தப் பக்கத்துல இருந்து பாயய்யா வருவாரு, இந்தப் பக்கத்துல இருந்து இவங்க. நடுவுல மொதல்ல வந்து சேர்ற ஆளு ஒக்காந்துக்குவாங்க, மத்த ஆளு டீ ஊத்தணும். பாயய்யா வேணும்னே மெதுவா வருவாருங்க."

அப்பாஸ், சமீஹாவின் கணவர். பஜாரில் ஜீப்புகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொண்டிருந்தவர். மனைவியையும் கூட்டிக்கொண்டு இந்த வேலைக்கு மாறினார். போன மழைக்கு முந்தின மழையில் நெஞ்சு வலி வந்து போய்ச் சேர்ந்தார். ஆனாலும் சமீஹா நடுவில் கொஞ்ச நேரம் உட்காருகிறார். பிறகு தானே எழுந்து, பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொள்கிறார்.

இந்த மைதானம் அவர்கள் இருவரும் போட்டது. வலைக்கம்பம் நிற்கிற ஓர விரிப்பை அப்பாஸ் திசை மாற்றிப் போட்டுவிட்டார். மற்ற விரிப்புகளில் புல் மலைப்பக்கம் சாய, இதில் மட்டும் வீட்டுப்பக்கம் சாய்ந்தது. வெயிலடித்தால் அந்த ஒரு பட்டை மட்டும் கரும்பச்சையாகத் தெரியும்.

"அன்னிக்கு மஞ்சு எறங்கிக் கெடந்துச்சு. எதிர்ல நிக்கிற எம் மூஞ்சியே அவுகளுக்குத் தெரியல, புல்லு மூஞ்சி எங்கிட்டுத் தெரியும்?" என்று சமீஹா சிரிப்பார். மறுநாள் வெயிலில் பார்த்த வீட்டுக்காரப் பெரியவர் நல்லசாமியும் சிரித்துவிட்டு, அதற்கு அப்பாஸ் ரோடு என்று பேர் வைத்தாராம்.

நல்லசாமி இன்று இல்லை. மகன் ஹரிகிருஷ்ணன் சென்னையிலிருந்து வந்து, வீட்டை விருந்தினர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். ஒட்டு விட்டது அந்த ஓர விரிப்பில்தான்.

"போட்டோல கறை மாதிரி விழுதுக்கா. கெஸ்ட் எல்லாரும் கேக்குறாங்க. எப்படியும் பிரிக்கப் போறீங்க, அப்படியே திருப்பிப் போட்டுடுங்க."

"செஞ்சிரலாம் தம்பி. தரை காயட்டும்."

இரண்டு நாள் ஈரம் என்று சொல்லிச் சமீஹா திரும்பிப் போனார். இன்று காலையில் மஞ்சு சுத்தமாக விலகியிருக்கிறது. கன்னத்தைத் தரையிலிருந்து எடுத்தவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"தொரைகிட்ட விசயத்தச் சொல்லு பாயம்மா. தெரிஞ்சா அவரு மாட்டேன்னா சொல்லுவாரு?" என்றார் பெருமாயி.

"என்னத்தச் சொல்ல? தப்பாப் போட்டது தப்புதானே. அவுக இருந்தா இந்நேரம் வெரசாத் திருப்பிப் போட்டிருப்பாக."

திருப்பிப் போட்டார். ஒரு கோடியிலிருந்து நடுவரை, பிறகு மறுகோடியிலிருந்து நடுவரை. விரிப்பைத் திருப்பியதால் வலைக்கம்பத்துக்கான பழைய ஓட்டை இடம் மாறிவிட்டது. கம்பம் நிற்கும் இடத்தில் புதிதாக ஓட்டை போட்டு, அதில் வெட்டியெடுத்த உள்ளங்கையளவு துண்டால் பழைய ஓட்டையை அடைத்தார். அதன்மேல் ஒரு சாக்கு.

பிற்பகல் வெயிலில் ஹரிகிருஷ்ணன் வந்து பார்த்தார். "சூப்பர்க்கா! ஒரே கலர்!" என்று நாலு போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சமீஹா சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார். பழைய ஓட்டையின்மேல் இருந்ததைக் கடைசியாகத்தான் எடுத்தார்.

பளீரென்ற பச்சைக்கு நடுவில், உள்ளங்கையளவு கரும்பச்சை. சுற்றிலும் புல் மலைப்பக்கம் சாய்ந்திருக்க, அந்தத் துண்டில் மட்டும் வீட்டுப்பக்கம் சாய்ந்திருந்தது.

பெருமாயி குனிந்து பார்த்தார். "இன்னிக்குத்தான் மஞ்சே இல்லியே பாயம்மா. எப்பிடி மாத்திப் போட்ட?"

சமீஹா சீப்பை எடுத்து அந்தத் துண்டைச் சுற்றி வகிடு தெரியாமல் வாரிவிட்டார். பிறகு முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரம் பார்ப்பவரைப் போல, அதன்மேல் கன்னத்தை வைத்துப் படுத்தார்.