பூசணிக்காய்க்குப் பக்கத்தில் இருந்த பெட்டி

காலை ஏழேகால் மணிக்குப் பெட்டி போனது. அப்போது நான் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை; விளைந்ததைக் காணிக்கையாகப் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் காணிக்கையை விடியும்போதே வாசற்படியில் வைத்துவிடுவோம். வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் தள்ளுவண்டியோடு வந்து எடுத்துப்போவார்கள். கதவைத் தட்ட மாட்டார்கள். படியில் இருந்தால் அது ஆண்டவருக்கு. நான் ஒரு பூசணிக்காயும் சிறுமலை வாழைப்பழச் சீப்பு இரண்டும் வைத்திருந்தேன். என் மகள் தன் கார்ப் பெட்டியைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் காலையில் அவள் அந்தப் படியில்தான் கார்களை வரிசையாக நிறுத்துவாள்.

அவளுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. கார்கள் உண்மையில் என் கணவர் சேர்த்தவை. கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் பங்களாவைக் காலி செய்யும்போதெல்லாம் போய் வாங்கி வருவார். கனமான சீமை பொம்மைக் கார்கள், ரப்பர் டயர் போட்டவை. என்றைக்காவது மதராஸில் ஏலத்துக்கு விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவற்றை வரிசை வைக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஒரு கார் காணாமல் போனால்கூட அவள் அழமாட்டாள்; சுவரில் நெற்றியை மோதுவாள்.

அவர் அன்று வேலையாக வெளியூர் போயிருந்தார். பெட்டி எங்கே போனது என்று எனக்குப் புரியவே நேரமாகிவிட்டது. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். ஆராதனை முடியும் நேரம். பெட்டி பீடத்தின் முன்னால், பூசணிகளுக்கும் சேவல்களுக்கும் நடுவே இருந்தது. ஜெபம் பண்ணியாயிற்று, இனி எடுத்துக் கொடுக்க முடியாது என்றார் ஏலம் போடும் மூப்பர். நல்ல மனிதர்தான்.

"ஏலத்துல நீங்களே எடுத்துக்கங்கக்கா. பொம்மைக் காருக்கு எவன் கேக்கப் போறான்?"

எனக்கும் அது சரியாகவே பட்டது.

கோயில் மைதானத்தில் ஏலம் ஆரம்பித்தது. பெட்டி வந்ததும் நான் முதலில் கேட்டேன். எங்கள் சபையில் வைத்த காணிக்கையை வைத்தவரே அதிக விலைக்கு எடுப்பது பெருமை. அவருக்கு எதிராக விலையை ஏற்றிவிடுவது மற்றவர்களுக்கு விளையாட்டு. என்னையும் அப்படித்தான் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டே ஏற்றினார்கள். "டீச்சர் இன்னைக்கு ஆண்டவருக்கு அள்ளிக் குடுக்காகப்பா" என்று மூப்பர் என்னைக் காட்டி மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்கும் கை தட்டினார்கள்.

பின்னால் நின்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர், உறவினர் வீட்டுக்கு வந்தவர். பழைய பொம்மைக் கார்கள் சேர்ப்பவர் என்று பிறகு தெரிந்தது. வாயைத் திறக்காமல், மண்டியில் செய்வதுபோல ஒற்றை விரலை மட்டும் உயர்த்தினார். என் கைப்பையில் இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகும் அந்த விரல் உயர்ந்தது. விளையாடியவர்கள் விலகிக்கொண்டார்கள். மூப்பர் மூன்று முறை சொல்லி அவருக்கே முடித்தார். நான் போய்ப் பேசுவதற்குள் என் மகள் தரையில் உட்கார்ந்து தலையை ஆட்டத் தொடங்கிவிட்டாள். அவளைத் தூக்கி வருவதே பெரும்பாடாகிவிட்டது. திரும்பிப் பார்த்தபோது மண்டிக்காரர் இல்லை.

மதியம் அவள் சாப்பிடவில்லை. பெட்டிக்கு வெளியே தப்பிய ஒரே வண்டி, இரவெல்லாம் கையில் வைத்துத் தூங்கிய பால்வண்டி, அவள் மூடிய கைக்குள் இருந்தது. சுவரில் மோத ஆரம்பித்தாள். நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கை மரத்தால் மறு கை. இப்போதும் யாராவது கதவைத் தொடர்ந்து தட்டினால் என் கை தலையணையைத் தேடுகிறது.

வெயில் தாழ்ந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. மண்டிக்காரர், கக்கத்தில் பெட்டியோடு.

"ஏனுங்க, இது ஏழு வண்டி உள்ள செட்டுங்க. உள்ள ஆறுதான் இருக்குது. பால்வண்டி உங்க வீட்டுல நின்னு போச்சுங்களா? அதையும் வாங்கிட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

தலையணையை விட்டு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர் தலையணையைப் பார்த்தார். அவள் மூடிய கையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி உள்ளே வந்து, வேட்டியை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்து, பெட்டியை அவள் பக்கம் தள்ளி மூடியைத் திறந்தார்.

"எந்த வண்டி கண்ணு முதல்ல நிக்கோணும்?" என்றார்.