பீரோவுக்கு அடியில் கிடைத்த கேமரா

அன்றைக்கு ஸ்டேஷனில் இருந்தவர்கள் நான்கு பேர்: ஏட்டையா, என் அத்தை, டென்மார்க் டீச்சர், நான். இல்லாதவர்கள் மூன்று பேர். இன்ஸ்பெக்டர் மந்திரி பந்தோபஸ்துக்குத் தூத்துக்குடி போயிருந்தார். அப்பாவுக்குக் கோவில்பட்டி மில்லில் முதல் ஷிஃப்ட். மூன்றாவது ஆள் கேமராவைத் திருடியவன். அவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

அப்பா வர முடியாததால் ஆம்பளத் துணையாக அத்தை என்னைக் கூட்டிவந்திருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், அந்தப் பதவி எனக்குப் பொருத்தமாகத்தான் பட்டது.

டீச்சர் எங்கள் ஊரில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பாடம் சொல்லித்தர வந்தவர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த அத்தை, அதை விட்டுவிட்டு அவருக்குச் சமைக்கப் போனார். சோற்றோடு பேச்சையும் சேர்த்துப் பரிமாறியதில், ஆறே மாதத்தில் டீச்சர் அத்தையைப் போலவே பேச ஆரம்பித்திருந்தார்.

ஜன்னலோர மேசையில் இருந்த கேமராவை ஒருநாள் காணவில்லை. கம்பி வழியாகக் கை எட்டுகிற தூரம்தான். போலீஸ் ரசீதை அனுப்பினால் அவர் ஊர் இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு விலையையும் கொடுத்துவிடுமாம். அதற்காகவே டீச்சர் ஸ்டேஷனுக்குப் போனார். ஏட்டையா கேட்டபடி, புகார் எழுத வெள்ளைத்தாளும் கார்பனும் கடையில் வாங்கிக் கொடுத்தார். ரசீதும் வந்தது. கிளம்பும்போது, வீட்டுக்குள் யார் யார் வந்துபோவார்கள் என்று ஏட்டையா கேட்டிருக்கிறார். "அக்கா மட்டுந்தான்" என்று அத்தையைப் பற்றி டீச்சர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாக அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை கான்ஸ்டபிள் வாசலில் வந்து நின்று அத்தையைக் கூப்பிட்டார். தெருவே பார்த்தது. திருட்டுக் கேஸில் பெயர் அடிபட்ட பெண்ணை எந்தத் தீப்பெட்டி ஆபீஸிலும் திரும்பச் சேர்க்கமாட்டார்கள். அத்தை ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

ஏட்டையா கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு கடலைமிட்டாய்கூடக் கொடுத்தார். பிறகு லத்தியை மேசைமேல் கிடத்திவிட்டு அத்தையிடம் திரும்பினார்.

"எங்கன வித்த? சொல்லிட்டா பொழுதோட வீட்டுக்குப் போயிரலாம்."

"ஏட்டையா, அதக் கொண்டுபோயி நான் என்ன, கொழம்பா வைக்கப் போறேன்?"

அத்தையின் குரல் கெட்டியாகத்தான் இருந்தது. என் கையை மட்டும் விடவில்லை.

அப்போதுதான் டீச்சர் வந்தார். முந்தின நாள் மழை. கரிசல் அப்பி சைக்கிள் சக்கரம் சுற்றாமல் போகவே, அதைப் பாதி வழியில் சாய்த்துப் போட்டுவிட்டு முழங்கால்வரை சேறோடு நடந்து வந்திருந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"அக்கா எடுக்கல. நான் சொல்லுதேம்லா."

"நீங்க போங்கம்மா. கேக்க வேண்டிய மாதிரி கேட்டா சாயங்காலத்துக்குள்ள பொருள் வந்துரும்."

டீச்சர் லத்தியைப் பார்த்தார். போகவில்லை. பெஞ்சில் அத்தையை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். ஏட்டையா டீ வரவழைத்துக் கொடுத்தார். டீச்சர் அதை அத்தையின் கையில் கொடுத்தார். ஒரு மணி நேரம் கழிந்தது. பிறகு டீச்சர் எழுந்து மேசைக்குப் போனார்.

"கேமரா கிடைச்சிட்டு."

"எப்பம்மா?"

"இன்னைக்குக் காலைல."

"எங்கன கிடந்துச்சு?"

"பீரோவுக்கு அடியில."

அந்த வீட்டில் பீரோவே கிடையாது. டீச்சரின் துணியெல்லாம் கொடியில்தான் தொங்கும். நான் வாயைத் திறந்தேன். அத்தை தொடையில் கிள்ளினார்.

ஏட்டையா சேற்றுக்காலை ஒருமுறை பார்த்தார், முகத்தை ஒருமுறை பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பொய் கேட்டுப் பழகியவர்.

"இங்க பாருங்கம்மா. கிடைச்சிட்டுன்னு எழுதிக் குடுத்தா ரசீதத் திருப்பித் தரணும். பொறவு திருட்டுமில்ல, கேஸுமில்ல. யோசிச்சுக்கிடுங்க."

"யோசிச்சாச்சு. தாள் இருக்கா, நான் வாங்கியாரணுமா?"

ஏட்டையாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் தமிழிலேயே, ஒவ்வொரு எழுத்தாக வரைந்தார். என்னை வாசிக்கச் சொன்னார்கள். 'என் கேமரா என் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. அக்கா நல்லவர்.'

"ரெண்டாவது வரி தேவையில்லம்மா."

"இருக்கட்டும்."

டீச்சர் ரசீதை மடிப்புக் கலையாமல் மேசைமேல் வைத்தார்.

ரோட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார்: "எந்த பீரோ டீச்சரம்மா?" இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தை சிரித்துக்கொண்டே அழுதார். நான் சிரிக்கவில்லை. ஒரு டீச்சரே போலீஸிடம் பொய் சொல்கிறாரே என்று எனக்கு ஒரே கோபம். ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. சும்மா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, செலவில்லாமல் தப்பித்துவிட்டதாக நினைத்தேன்.

வேலைக்குப் போய் இரண்டாம் வருஷம் என் பைக் காணாமல் போனது. இன்ஷூரன்ஸ் படிவத்தில் போலீஸ் ரசீது எண் கேட்ட கட்டத்தில் என் பேனா நின்றுவிட்டது. ஊருக்குப் போனபோது அத்தையிடம், அந்தக் கேமரா என்ன விலை இருக்கும் என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. யோசிக்கவும் இல்லை.

"பதினேழாயிரத்து நானூறு ரூவா, மருமவனே."