படுத்துவிட்ட ஏழாவது கோடு

வீட்டில் மூன்று பிள்ளைகளில் மூத்தவளான அவளை அலுவலகத்தில் அனைவரும் ‘நாடி அக்கா’ என்றே அழைத்தனர். ஆற்றுப் பாலத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, இரண்டாம் மாடியில், ஜன்னலில்லாத ஓர் அறையில் அமர்ந்தபடி, அந்தப் பாலத்தின் உடல்நிலையைத் திரையில் பார்த்துச் சொல்வது அவள் வேலை. பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் பாலத்தின் மீது நின்றது நான்கே முறை. ஆனாலும் அதன் போக்கு அவளுக்கு அத்துப்படி.

வெயில் ஏறினால் பாலத்தின் தளம் நீளும், தணிந்தால் சுருங்கும். அதற்கு இடம்கொடுக்கத் தளத்துண்டுகளுக்கு நடுவே இடைவெளிகளும், தளம் வழுக்கி நகரத் தூண்களின் தலையில் தாங்கிகளும் உண்டு. இடைவெளிக்கு ஒன்றாகப் பொருத்திய கருவிகள் அந்த அசைவை அனுப்ப, திரையில் ஒவ்வொரு கோடும் நாள்தோறும் அலைபோல் ஏறி இறங்கும்.

மார்ச் மாதத்தில் ஏழாவது கோடு மட்டும் படுத்துவிட்டது. கோடு படுத்தால் கருவி செத்தது என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். அவளும் மறுயோசனையின்றிப் பதிவேட்டில் ‘கருவி பழுது’ என்று எழுதினாள். அதைப் பொருத்தியவன் அவளுடைய சொந்தத் தம்பி. அவன் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, மே மாதத்தில் புதியதொன்றைப் பொருத்தினான். அதுவும் படுத்தது.

“ரெண்டாவதும் சொத்தையா? எந்தக் கடையில பொறுக்குறான் உங்க தம்பி?” என்று தலைமைப் பொறியாளர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கருவிகள் ஒரே மாதிரியாகச் சாகுமா? ஜூன் மாதத்தில் ஒரு முற்பகல், அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். செத்த கருவியின் கோடு நூல் பிடித்தாற்போல் இருக்கும். இதிலோ, கனரக லாரி ஏறும்போதெல்லாம் ஒரு மயிரிழைத் துடிப்பு. கருவிக்கு உயிர் இருந்தது, தளம்தான் நகரவில்லை. உடனே தம்பியை அழைத்தாள்.

“டேய், உன் கருவி ரெண்டுமே நல்லாத்தான்டா இருந்திருக்கு. தப்பு என்னோடது.”

“மூணு மாசமா திட்டு வாங்குனவன் நான்க்கா. கொஞ்சம் சத்தமா சொல்லு, ஸ்பீக்கர்ல போடுறேன்.”

“கேலியை அப்புறம் வச்சுக்க. தாங்கி இறுகிப் போயிருக்கு. வெயில்ல தளம் நீளும்போது வழுக்காம தூணைத் தள்ளும். தூணோட தலை பிளந்துச்சுன்னா?”

“உடனே சார்கிட்ட சொல்லுக்கா” என்றான் தம்பி.

பொறியாளர் எளிதில் மசியவில்லை. “ஒரு கோட்டை நம்பி லாரியை எல்லாம் நிறுத்தணுமா? சுத்திப் போனா ஒரு மணி நேரம். என் தலையைத்தான் உருட்டுவாங்க. அடுத்த மாசம் ஆய்வு வருதுல்ல, பாத்துக்கலாம். ஏம்மா, நீங்கதானே பழுதுன்னு எழுதுனீங்க?”

“நான்தான் சார். அது தப்புன்னும் எழுதி, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். கோட்டை நம்ப வேணாம். ஸ்கேலை நம்புவீங்களா?”

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்காவும் தம்பியும் பாலத்தில் நின்றனர். ஒவ்வோர் இடைவெளியின் இருபுறமும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, நடுவிலுள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டனர். வெயில் மண்டையைப் பிளந்த இரண்டு மணிக்குப் பொறியாளரை அழைத்துவந்து, அதே குறிகளை மீண்டும் அளந்தனர். மற்ற இடைவெளிகள் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் குறுகியிருந்தன. ஏழாவது காலையில் இருந்தபடியே இருந்தது. பொறியாளர் ஸ்கேலைப் பிடுங்கித் தாமே மூன்று முறை அளந்தார்.

“சார், ஸ்கேலும் சொத்தையா?” என்றான் தம்பி.

“நீ சும்மா இருப்பா” என்று கழுத்து வியர்வையைத் துடைத்தவர், கைப்பேசியை எடுத்தார். “கனரக வண்டியை இப்பவே நிறுத்துங்க. தாங்கியை மாத்தணும், தளத்தைத் தூக்க நாளைக்கே ஜாக்கி வேணும். ஆமா, ஏழாம் தூண்.”

தடுப்பு வைக்க ஆள் வந்துசேர நாற்பது நிமிடமாகும் என்றார்கள். அவள் காத்திருக்கவில்லை. சாலையோரம் கிடந்த இரண்டு தகரப் பீப்பாய்களைத் தம்பியோடு உருட்டிவந்து குறுக்கே நிறுத்தினாள். பாலத்தின் மறுமுனைக்குப் பொறியாளரே ஜீப்பை விரட்டிக்கொண்டு போனார். முதலில் வந்த சிமென்ட் லாரியின் ஓட்டுநர் தலையை நீட்டினார்.

“என்னம்மா இது? பாலம் கல்லு மாதிரி நல்லாத்தானே நிக்குது?”

“அதான்ண்ணே பிரச்சினையே. அது அசையணும். வண்டியைத் திருப்புங்க.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் எடுத்தார். அடுத்த லாரிக்கு அவள் கையைத் தூக்கினாள்.