பர்மாவிலிருந்து வந்தவரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனேன்

சண்டை முடிந்த மறு வருஷம், ஆனி மாதக் கடைசியில், என் வீட்டுக்காரரைத் தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே குற்றாலத்தில் தங்கிவரப் புறப்பட்டேன். அவர் பர்மா எல்லையில் ராணுவ லாரி ஓட்டியவர். உடம்பில் ஒரு காயமில்லாமல் திரும்பினார். ஆனால் பாத்திரம் விழுந்தால்கூடக் கட்டிலுக்கடியில் போய் ஒடுங்குவார். பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் உறவினர்கள். தென்காசி டாக்டர் பட்டாள ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் என்று என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சர்தான் சொன்னாள்.

எங்கள் ஊர் சிவகிரியிலிருந்து தென்காசி ஏறக்குறைய முப்பத்தைந்து மைல். காலை ஏழு மணி பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டால், பின்னால் கரியடுப்பு மாட்டி அதன் வாயுவில் ஓடிய வண்டி. புளியங்குடி தாண்டியதும் அந்த அடுப்பில் டமாரென்று ஒரு வெடிச்சத்தம் கேட்டது. அவர் என்னையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்து, இரண்டு கைகளாலும் என் தலையை மூடிக்கொண்டார். சிலர் சிரித்தார்கள்.

டிரைவர் வண்டியை நிறுத்தினார். “சிரிக்காதிய. என் தம்பியும் பட்டாளத்துக்குப் போனவன்தான்” என்றார். எங்களை முன்சீட்டுக்கு அழைத்து, “இனி மெதுவா ஓட்டுதேன்க்கா” என்றார்.

டாக்டர் வீடு தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி இரண்டாவது தெருவில். என் வீட்டுக்காரரை வெகுநேரம் சோதித்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: “இது பைத்தியமும் இல்ல, பேயும் இல்லம்மா. சண்டையில பட்ட பயம் உள்ளேயே தங்கிப்போச்சு. தூங்க மருந்து தாரேன். ஆனா அவர் பேசணும். அங்க இருந்தவங்ககிட்டதான் பேசுவார்.”

“குணமாயிருமா?”

“குறையும். முழுசாப் போயிரும்னு பொய் சொல்லமாட்டேன்.”

வாசலில் இன்னொரு நோயாளி காத்திருந்தார். புளியறைக்காரர், பெயர் சங்கரன், அவரும் பர்மா போனவர். டாக்டர் கேட்டுக்கொண்டதால் எங்களோடு குதிரைவண்டியில் குற்றாலம் வந்தார். தென்காசியிலிருந்து மூன்று மைல்தான்.

சாரலில் வழியெல்லாம் நனைந்திருந்தது. பேரருவியின் இரைச்சல் கேட்டதும் இவர் நின்றுவிட்டார். “பிளேன் வருது” என்றார்.

“எனக்கும் முதல்ல அப்படித்தான் கேட்டுச்சு, அண்ணாச்சி” என்றார் சங்கரன். “கிட்டப் போகாண்டாம். இங்கனயே உக்காருவோம்.”

ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். எந்த ரோட்டில் லாரி ஓட்டினீர்கள் என்று சங்கரன் கேட்டார். “இம்பால் ரோடு” என்று தொடங்கியவர் நிறுத்தவில்லை. குண்டு விழுந்து லாரி தீப்பிடித்ததையும், இவர் குதித்துவிட்டதையும், கூட வந்த மாணிக்கத்தின் பக்கத்துக் கதவு திறக்காமல் போனதையும் சொன்னார். “இழுத்துப் பாத்தேன். கை சுட்டுதுன்னு விட்டுட்டேன்.”

மாணிக்கம். தூக்கத்தில் அவர் கூப்பிடும் பெயர். பேயின் பெயர் என்றல்லவா உறவினர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள்!

அவர் அழுதார். சங்கரன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் முதுகில் கையை வைத்தபடி பக்கத்திலேயே இருந்தார்.

இப்படி ஒருவரை அழைத்துப் போகிறவர்கள் பஸ்ஸில் முன்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கரியடுப்பு பின்னால் இருக்கிறது. பேரருவிக்கு முதலில் போகவேண்டாம். மேலே சிற்றருவியில் சத்தம் குறைவு. நாங்கள் மறுநாள் அங்கேதான் குளித்தோம். டாக்டரை மாதம் ஒருமுறை பார்க்கவேண்டும். இடி இடித்தால் இவர் இன்னும் கட்டிலுக்கடியில்தான் போகிறார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். மாணிக்கத்தைப் பற்றிச் சொல்வார், கேட்பேன்.

சிற்றருவியில் குளித்துவிட்டு வந்த அன்று மத்தியானம், தங்கியிருந்த அறையில் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். ஊர் திரும்பியபின் அவர் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“நீ சரியாத் தூங்கியே ரொம்ப நாளாச்சு போல” என்றார். “படு. நான் முழிச்சிருக்கேன்.”

விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினேன்.