கோழிகளுக்குப் பிறகு நான்

எங்கள் பண்ணையில் தடுப்பூசி போடாத உயிர் என்று ஒன்று இருந்ததென்றால், அது நான்தான். புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் முட்டைக்கோழி வளர்க்கிறேன். கோழிகளுக்கு ஊசி போடும்போது முன்னால் நின்று அதிகாரம் செய்வேன். எனக்கென்று வந்தால் ஊசியைக் கண்டதும் அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிடும்.

மனைவிக்கு மார்பில் புற்றுநோய். கீமோ தொடங்குவதற்கு முன்பே சேலத்து டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: எதிர்ப்புச் சக்தி இறங்கிவிடும், சாதாரணக் காய்ச்சலே ஆபத்தாகலாம், அவளுக்கு எந்த ஊசி எப்போது என்பதை அவர் பார்த்துக்கொள்வார், கூட இருக்கிற நான் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நான் நாலு புத்தகம் படித்தவன். காரணத்துக்கா பஞ்சம்?

"வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்தத் தண்ணியில கலந்து வெச்சா கோழி தும்முதில்ல? அது உசுரோட இருக்கற கிருமி. பக்கத்துக் கோழிக்கும் தொத்தும். நான் ஊசி போட்டுட்டு வந்து உனக்குத் தொத்த உடறதா?"

என்று மனைவியிடம் வாதாடினேன். முதல் கீமோ இப்படியே கழிந்தது.

அவளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த வாரத்தில், அவள் அண்ணன் ஆரஞ்சுப் பையோடு இருமிக்கொண்டே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். உபசாரமாக நான் காபி கொடுத்தேன். இதே மச்சானைப் பண்ணை வாசலில் கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைக்காமல் ஒருநாளும் உள்ளே விட்டதில்லை. அவர் போனதும் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, கோழியாப் பொறந்திருந்தா என்னைய நல்லாப் பாத்திருப்பீங்க."

அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் என் கோழி வாதத்தை வைத்தேன். முழுக்கக் கேட்டார்.

"மூக்குல விடற உயிருள்ள மருந்துன்னா நானே யோசிப்பேங்க. இது செத்த கிருமி. யாருக்கும் தொத்தாது. சட்டைக் கையை மடிங்க."

மடித்தேன்.

அன்று முதல் வீட்டுக்கும் பண்ணைச் சட்டம். கை கழுவாமல், முகக்கவசம் போடாமல் யாரும் உள்ளே வரமுடியாது. இருமுகிறவர்கள் தெருவில் நின்று போனில் நலம் விசாரிக்கலாம். இருமல் நின்றதும் மச்சானையும் இழுத்துப்போய் ஊசி போட வைத்தேன். கடைசிக் கீமோ வரை அவளுக்கு ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. கடைசி மருந்து பாட்டில் இறங்கி முடிந்ததும், பிடித்துக்கொள்ள நீட்டிய என் கையை விலக்கிவிட்டு அவளே நடந்து காரில் ஏறினாள். தேர்தலில் ஜெயித்தவன் மாதிரி நான் பின்னால் போனேன்.

ஊர் வந்ததும் வாசலிலேயே உறவினர்களை நிறுத்தி, நான் ஊசி போட்டுக்கொண்ட வீரத்தை விரிவாக எடுத்துரைத்தேன். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது:

"ஆமாங்க. கண்ண மூடிக்கிட்டு என் கையத்தான் புடிச்சிட்டிருந்தாரு. நம்ம கோழி ஒன்னுகூட அந்தக் கத்து கத்துனதில்லீங்க."