மஞ்சள் வைத்த மூலை

கோட்டூர்புரம் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் ஜவுளிச் சோதனைக்கூடத்தை விட்டு வெளியே வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி ஒரு பழுப்பு உறை. வேர்வையில் நனைந்துவிடக் கூடாதென்று அவ்வப்போது வெளியே எடுத்து ஆட்டிவிட்டு மறுபடி உள்ளே செருகினேன். நனைந்தால்தான் என்ன என்றும் தோன்றியது. உள்ளே இருந்த தாளில் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஃபெயில் என்ற சொல்லை மட்டும் யார் எப்படிக் கிறுக்கியிருந்தாலும் கண்டுகொள்வேன்.

தியாகராய நகரில் அண்ணாச்சி தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் அவருடைய தையல் கூடம். தெற்கேயிருந்து வந்து துணிக்கடை வைத்தவர். பிறகு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்காக நாப்கின் தைத்துக் கொடுத்தார். நீலக் கட்டம் போட்ட துணி, சாப்பிடும்போது மடியில் விரித்துக்கொள்வது. இரண்டு வருடம் இன்னொருவர் பெயரில் கப்பலேறியது. அந்த வருடம்தான் முதல் முறையாகத் தன் பெயரிலேயே நேரடியாக ஒரு ஆர்டர் வாங்கியிருந்தார். வாங்குகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். சாயம் போகாது என்று ஒரு சோதனைக்கூடம் எழுதித் தர வேண்டும். அந்தச் சான்றிதழ் அன்று மாலைக்குள் கப்பல் ஏஜென்டுக்கு ஃபேக்ஸில் போய்ச் சேராவிட்டால் கப்பலில் பிடித்துவைத்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"பெயிலாச்சுன்னா அம்புட்டு துணியும் ரங்கநாதன் தெரு பிளாட்பாரத்துக்குத்தாம்லே" என்று காலையில் சொன்னார். "நேரா போ. நேரா வா. நடுவுல எங்கயும் ஊரு பாக்க நிக்காத."

ஊர் பார்க்க நிற்பவன் என்று என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் சேர்ந்து நான்கு மாதம். எனக்கு அது நீண்ட காலம். அதற்கு முன் அச்சகம், கல்யாண மண்டபம், துணி வெளுக்கும் துறை, ஒரு லாரி என்று போய்க்கொண்டே இருந்தேன். எந்த வேலையிலிருந்தும் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. அன்றும் அந்த யோசனைதான். பாலத்தைத் தாண்டி இடதுபுறம் திரும்பினால் சைதாப்பேட்டை ஸ்டேஷன். வருகிற ரயிலில் தாம்பரம், அங்கிருந்து எங்கேயாவது. உறையை யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடலாம். அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு சோடா வண்டி. நின்றேன். எலுமிச்சை சோடா ஒன்று கேட்டுவிட்டு, வண்டிக்காரர் பழம் நறுக்குகிற நேரத்தில் உறையைப் பிரித்தேன். தாளோடு ஒரு துண்டுத் துணியைப் பின் குத்தி வைத்திருந்தார்கள். அவர்கள் சோதிக்கிற முறை எனக்குத் தெரியும். முன்பு இரண்டு தடவை வந்து பார்த்திருக்கிறேன். நம் துணியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். அதோடு வெள்ளைத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைத்து, சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில், எஃகு டப்பாவுக்குள் போட்டுச் சுழற்றுவார்கள். வெள்ளைத் துணியில் சாயம் ஒட்டினால் தோல்வி.

ஒட்டியிருந்தது. சிவப்பாக.

நீலத் துணியிலிருந்து சிவப்பு எப்படி வரும் என்று அப்போதுதான் உறைத்தது. அதுவும் துணி முழுக்க இல்லை. ஒரு முனையில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்கு, செங்கல் நிறத்தில் ஒரு திட்டு. வெளுக்கும் துறையில் இருந்தபோது கல்யாண வீட்டு வேட்டிகளில் இதே நிறத்தைப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் பட்ட வேட்டியைச் சலவைச் சோடாத் தண்ணீரில் போட்டால் சிவந்துவிடும். புதிதாக வந்தவர்கள் ரத்தக் கறை என்று பதறுவார்கள்.

வண்டிமேல் கிடந்த பாதி எலுமிச்சம்பழத்தை எடுத்து அந்தச் சிவப்பின் ஓரத்தில் ஒரே ஒரு சொட்டுப் பிழிந்தேன்.

"இன்னாபா, துணிக்கு ஊத்திக்கினு கீற? நீ குடிக்கத்தான் அறுத்தேன்" என்றார் வண்டிக்காரர்.

சொட்டு விழுந்த இடம் மஞ்சளாக மாறியது.

முந்தின நாள் சாயங்காலம் கண்முன் வந்தது. எங்கள் கட்டிங் மாஸ்டர் எந்தப் புதுத் துணியிலும் மூலையில் மஞ்சள் தடவாமல் கத்திரிக்கோல் வைக்கமாட்டார். சோதனைக்குத் துணி கேட்டபோது, இன்னும் பெட்டியில் போடாதிருந்த கடைசிச் சுருளின் முதல் துண்டில் தைத்த நாப்கினைத் தேடி எடுத்து, அதன் மூலையில் இன்னொரு முறை குழைத்த மஞ்சளைத் தொட்டு வைத்துத்தான் என் கையில் கொடுத்தார். "நல்ல காரியத்துக்குப் போவுது. மொட்டையா அனுப்பக் கூடாது" என்றார். வெட்டும்போது வைத்தது மடித்துத் தைத்த ஓரத்துக்குள் போயிருந்தது. புதிதாக வைத்ததும் நீலக் கட்டத்தின்மேல் கண்ணில் படவில்லை.

சோடாவைக் குடிக்காமல் வந்த வழியே ஓடினேன். என் வலது செருப்பின் வார் கம்பியால் கட்டியது. பாதி வழியில் அறுந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டேன்.

சோதனைக்கூட உதவியாளர் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். "இன்னா நைனா, செருப்ப கைல புடிச்சிக்கினு வர்ற? யார அடிக்கப் போற?"

"மேடத்தைப் பாக்கணும்."

"ரிப்போட்டு குட்த்தாச்சுல்ல? நாளைக்கி வா. நான் மிஷினு தொடச்சிட்டேன்."

நாளைக்கு வந்து பயனில்லை என்று நான் கத்தியதில் அந்தம்மா வெளியே வந்தார். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், மயிலாப்பூர்க்காரர். எங்கள் துணி முதல் தடவை தோற்றபோது, சாயப் பட்டறைக்காரருக்கு, சாயம் தோய்த்தபின் எவ்வளவு நேரம் சோப்பில் கொதிக்கவிட வேண்டும், எத்தனை முறை அலச வேண்டும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தவர். அந்தத் தாளைப் பட்டறைக்காரர் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். இந்த முறை தோற்றதில் அந்தம்மாவுக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

நான் துணியை நீட்டினேன். அவர் எலுமிச்சை விழுந்த இடத்தைப் பார்த்தார். குரல் மாறியது.

"இதுல ஏன் கை வெச்சேள்? இது டெஸ்ட் பண்ணின துண்டு. கலைச்சுட்டு வந்து ஃபெயில் இல்லேன்னா நான் எப்படி ஒத்துப்பேன்?"

"மேடம், அது சாயமில்ல. மஞ்சள். சோடா பட்டா செவக்கும், புளிப்பு பட்டா திரும்பிடும். மறுபடி சோடா விட்டுப் பாருங்க."

அவர் துணியை மேசைக்கு எடுத்துப் போனார். பிறகு ஒரு புட்டியிலிருந்து கண்ணாடிக் குச்சியால் சொட்டு எடுத்து அந்த மஞ்சள்மேல் வைத்தார். சிவந்தது. இன்னொரு புட்டியிலிருந்து ஒரு சொட்டு. மஞ்சளானது.

"யார் வெச்சா?"

"எங்க மாஸ்டர். நல்லதுக்குன்னு."

அவர் சிரிக்கவில்லை. திரும்பி அந்தச் சுழலும் இயந்திரத்தைப் பார்த்தார். அதன் நெற்றியில் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. "எங்காத்துலயும் புதுப் புடவைக்கு வெச்சுண்டுதான் இருக்கோம்" என்றார் மெதுவாக. "நீலத்துலேர்ந்து செவப்பு வரதேன்னு நான்தான் நின்னு யோசிச்சிருக்கணும்."

உதவியாளர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தண்ணீர் கொதிக்கவைத்தார். நாப்கினில் மிச்சமிருந்த நடுப்பகுதியிலிருந்து புதிதாகத் துண்டு வெட்டினார்கள். முக்கால் மணி நேரம் சுழல வேண்டும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு நேரம் கிடையாது.

தாழ்வாரத்துத் தொலைபேசியிலிருந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"என்னலே, பாஸா?"

"மெஷின் லேட்டு அண்ணாச்சி. ஓடிட்டு இருக்கு."

"மெஷின் லேட்டா, நீ லேட்டா? உண்மையச் சொல்லு. எங்க நின்னு பேசுத?"

"லேப்லதான்."

"ஏஜென்ட் மூணு வாட்டி போன் போட்டுட்டாம்லே. நான் என்னத்தச் சொல்ல?"

மஞ்சளைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது துண்டும் சாயம் விட்டால் மஞ்சளைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

டப்பாக்கள் சுழன்றன. உதவியாளர் ஸ்டூலில் உட்கார்ந்து கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு தடவை விளக்கு மங்கியது. மூன்று பேரும் எழுந்து நின்றோம். மறுபடி வெளிச்சம் வந்ததும் "எனக்கு இன்னாத்துக்கு நெஞ்சு அட்ச்சிக்குது? துணி உன்னுது" என்று அவர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

துண்டை எடுத்து அலசி, இஸ்திரிப் பெட்டி வைத்து உலர்த்தி, அந்தம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கறையை அளக்கிற ஒரு சாம்பல் நிற அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். திருப்பிப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"பாஸ்" என்றார்.

அவர் புதிய தாளில் எழுதத் தொடங்கி, பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"மீதி நாப்கின்லயும் மஞ்சள் இருக்கா?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு சுருளிலும் முதல் துண்டில் மாஸ்டர் மஞ்சள் வைத்திருப்பார். அவை எந்தப் பெட்டியில், எத்தனையாவது மடிப்பில் போயிருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு நாடா ஒட்டியாகிவிட்டது. மறுநாள் மதியம் லாரி வரும்.

"இருக்கும்" என்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வராது என்றில்லை. சற்று முன்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"அங்க எல்லாரும் சோப்புத் தூள் போட்டு மெஷின்லதான் துவைப்பா. ஒரே ஒரு வெள்ளைச் சட்டையில செவப்புத் திட்டு விழுந்தாப் போறும். எங்க பேப்பரத்தான் மொதல்ல தூக்கிக் காட்டுவா. அப்புறம் உங்க அண்ணாச்சிக்கு மட்டுமில்லை, இங்கேர்ந்து போற யார் துணிக்கும் எங்க கையெழுத்த நம்பமாட்டா." பேனாவை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "லாரி கிளம்பறதுக்குள்ள ஒண்ணு விடாமப் பொறுக்கி எடுத்துடுவேளா?"

"எடுத்துடுவோம்."

"எடுத்துடுவோம்னு சொல்லாதேள். யார் எடுப்பா?"

"நான் எடுப்பேன்."

கையெழுத்துப் போட்டார். அவர்கள் அலுவலக ஃபேக்ஸிலிருந்தே ஏஜென்டுக்கு அனுப்பினார்.

தையல் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அண்ணாச்சியிடம் மிச்சத்தைச் சொன்னேன். மாஸ்டர் மேசைக்குப் பின்னாலிருந்து வந்தார்.

"மஞ்சளா குத்தம்? முப்பது வருசமா வெக்கிறேன். ஒரு துணி கெட்டதில்ல. வெள்ளக்காரன் துவைக்கிற லட்சணம் அது."

"மாஸ்டர், துணி நமக்கில்ல. அவனுக்கு" என்றார் அண்ணாச்சி.

"அப்ப மஞ்ச வெக்காத துணிய வேற எவனாவது வெட்டட்டும்" என்று கத்திரிக்கோலை மேசைமேல் போட்டுவிட்டு மாஸ்டர் இறங்கிப் போனார். அண்ணாச்சி அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தம்மாட்ட நான் எடுப்பேன்னு சொல்லிட்டு வந்துட்ட. விடிஞ்சதும் நீ இருப்பியாலே?"

செருப்புக்குக் கம்பி தேடினேன்.

மறுநாள் பால்காரரின் சைக்கிள் மணி கேட்கிற நேரத்தில் முதல் பெட்டியின் நாடாவைக் கிழித்தேன். தைக்கிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மஞ்சள் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்று அவர்கள் கேட்டதற்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில் மாஸ்டர் வந்தார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலேயிருந்த நாப்கினை விரித்தார். அவர் மட்டும் நான்கு மூலைகளைப் பார்க்கவில்லை. வலது கைப் பக்கத்துக் கீழ் மூலையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"எல்லாரும் அந்த மூலையப் பாருங்க" என்றேன்.

இப்படித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. வேலைக்குப் பெயர் கேட்டவர்களுக்கு அண்ணாச்சி செக்கிங் என்று சொன்னார். நான் மூலை பார்க்கிறேன் என்று சொன்னேன்.