மேகலா கதவைச் சாத்தாமல் போனது

கதவைக்கூடச் சாத்தாமல் போனாள் என்பது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள், நாகப்பட்டினத்தில் யாரோ இருக்கிறார்கள், பந்து விளையாட்டெல்லாம் சும்மா சாக்கு என்று ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசுகிறார்களே, அதுதான் பொய். ஒரு பந்துக்காக எவளாவது குடித்தனத்தை விட்டுப் போவாளா என்று கேட்கிறார்கள். போவாள். மேகலா போனாள். எப்படிப் போனாள் என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு பேசட்டும்.

மேகலா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில், அவள் புருஷன் மதிவாணன் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைக்கிறான். இவள் நடவு செட்டுக்குத் தலைவி. செட்டில் இருக்கிற பெண்களில் பாதிப்பேர் இவளைவிட மூத்தவர்கள். ஆனாலும் எந்த வயலில் இறங்குவது, எப்போது கரையேறுவது என்று இவள்தான் சொல்ல வேண்டும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் நிலத்துக்காரர் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். இந்தக் காலத்தில் எல்லோரும் போனில்தான் கூப்பிடுகிறார்கள். அது அவளிடம் செல்லாது. வெற்றிலையை வாங்கிவிட்டால் அந்த நடவு முடிகிறவரை வேறு வயலில் கால் வைக்க மாட்டாள். அதேபோல, கொடுத்தவரும் பின்வாங்கக் கூடாது. ஒரு தடவை ஒருவர் வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் நடவு மிஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். மேகலா சத்தம் போடவில்லை. செட்டோடு வயலின் மறுமுனையில் இறங்கி நட ஆரம்பித்தாள். மிஷின் பாதி வயலுக்கு வந்தபோது எதிரே பெண்கள் குனிந்து நின்றார்கள். மிஷின்காரன்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். "வெத்தல குடுத்து வரச்சொல்லிட்டு ஆள வரப்புல உக்கார வைக்கக் கூடாதுங்க" என்று மட்டும் நிலத்துக்காரரிடம் சொன்னாள்.

இந்தக் குணம் அவளுக்கு நல்லதும் செய்திருக்கிறது. மகள் விஷயத்தில்தான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

மகள் எழில்மொழி எட்டாவது படிக்கிறாள். அறுவடை முடிந்து தாள் நிற்கிற வயலில் மற்ற பிள்ளைகளோடு பந்து விளையாடப் பழகியவள். வெடிப்பு விட்ட தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பிடித்துப் பிடித்தே கோல் கீப்பர் ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் செம்மொழி பெண்களுக்கென்று ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார். அந்த அணி மாவட்ட லீக்கில் ஆடும். தஞ்சாவூருக்குப் போய் ஆடிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம்.

போன கோடையில் ஒரு போட்டியில் எழில்மொழி ஆடுவதைத் தஞ்சாவூர் கிளப் ஒன்றின் கோச் பார்த்தார். பிரபு என்று பெயர், இளவயதுக்காரர். அவருடைய கிளப் மாவட்ட லீக்கிலும் ஆடும், வேன் வைத்துக்கொண்டு சென்னை, கோயம்புத்தூர் என்று வெளியூர் லீக்குகளுக்கும் போகும். பெண்ணைத் தங்கள் கிளப்புக்கு அனுப்ப முடியுமா என்று மதிவாணனைக் கேட்டிருந்தார்.

புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பல நாள் பேசினார்கள்.

"டீச்சர் அணின்னா பக்கம். நம்ம ஊருப் புள்ளைவளோட போயிட்டு வரும். நீயும் கூடப் போக வேண்டியதில்ல" என்றான் மதிவாணன்.

"கிளப்புன்னா நாலு ஊரு ஆளுங்க பாப்பாங்கங்க."

"பாத்து?"

"பாத்துதான் மாவட்ட டீமுக்கு எடுப்பாங்களாம். அதுக்கும் இந்த வருஷம் ஒண்ணுதான் பாக்கி. அடுத்த வருஷம் இவ பெரிய புள்ளைங்க டீமுக்குப் போயிடுவா. அங்க பனைமரமாட்டம் நிக்கிற பொண்ணுங்களோட இவ எங்கேருந்து எட்டிப் புடிக்கிறது?"

"அப்ப கிளப்புங்கிறியா?"

"நான் எங்க சொன்னேன்? பஸ்ஸு வேனுன்னு அலைஞ்சே புள்ள துரும்பாயிடும்."

"ரெண்டையும் நீயே சொன்னா நான் என்னத்தச் சொல்லுறது?"

எழில்மொழிக்கு டீச்சர் அணிதான் பிடித்திருந்தது. கூட்டாளிகள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஏறக்குறைய அப்படியே முடிவாகிவிடும் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் பிரபு வந்தார். குறுவை நடவு நேரம், மேகலா செட்டோடு சேற்றில் நின்றாள். பிரபு வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாததால் நேரே வயலுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பழத்துக்கு மேலே எழில்மொழிக்கு ஒரு ஜோடி புது கிளவுஸ். வரப்பில் நின்று தட்டை நீட்டி, "அக்கா, புள்ளைய எங்ககிட்ட அனுப்புங்க" என்றார்.

செட்டே நிமிர்ந்து பார்த்தது. மேகலா வாய்க்காலில் கையைக் கழுவினாள், புடவையில் துடைத்தாள், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை. வரப்புக்கு வந்து வெற்றிலை வைத்துக் கூப்பிடுகிற மனிதரிடம் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று நினைத்தாள்.

"என்னடி, பொண்ணு கேட்டு வந்தாங்களா?" என்றாள் வள்ளியம்மை. செட்டில் மேகலாவுக்கு அடுத்த ஆள், உறவில் அத்தாச்சி.

"ஆமாம் அத்தாச்சி. கோலு போஸ்ட்டுக்குக் கட்டிக் குடுக்குறேன். நீங்க வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். மேகலாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சென்னை, கோயம்புத்தூர் என்று ஊர்ப் பெயர்களைச் செட்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் செம்மொழி டீச்சர் வீடு தேடி வந்தார். அவருக்கு முகமே சரியில்லை.

"என்ன மேகலா, எழில கிளப்புக்குக் குடுத்துட்டீங்களாமே."

"வெத்தல வாங்கிட்டேன் டீச்சர். அவரு வந்து கேட்டாரு. நீங்க கேக்கலையே."

"எங்க ஸ்கூல் புள்ளைய நான் எதுக்கு வெத்தல வச்சுக் கேக்கணும்?"

"வாங்கினது வாங்கினதுதான் டீச்சர்" என்றாள் மேகலா. கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் டீச்சர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனி ஞாயிறும் மேகலா மகளைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனாள். அங்கிருந்து வேன். பெரியவர்கள் துணைக்கு வரலாம் என்பதால் அவளும் ஏறிக்கொள்வாள். திரும்பி வர இருட்டிவிடும் என்பதால் வேனே ஊர்வரை கொண்டுவந்து விடும். கோச் வேனில் வந்து இறங்குகிறாள் என்று தெருவில் முதல் பேச்சு கிளம்பியது அப்போதுதான்.

மைதானத்தில் நடந்ததோ வேறு. எழில்மொழி புது கிளவுஸை மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கோலில் வேறொரு பெண் நின்றாள். அடுத்த ஆட்டத்திலும் அந்தப் பெண்தான்.

"என்ன பாப்பா, உன்ன எப்ப கூப்புடுவாங்க?"

"நான் சப்ஸ்டிட்யூட்மா. அந்த அக்காவுக்கு அடிபட்டா என்னைய எறக்குவாங்க."

"அடுத்தவ காலு ஒடியட்டும்னு வேண்டிக்கிட்டா உக்காந்திருக்கே?"

"நான் வேண்டலம்மா. உக்காந்துதான் இருக்கேன்."

போய்க் கேட்டுவிடு என்று மதிவாணன் சொன்னான். மேகலா கேட்கவில்லை. வாங்கிய நடவைப் பாதியில் விட்டுக் கரையேறி அவளுக்குப் பழக்கமில்லை. அடுத்த வாரம் இறக்குவார்கள், அதற்கடுத்த வாரம் இறக்குவார்கள் என்று வேன் ஏறினாள். அவள் இப்படிப் பொறுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான், இங்கே மாவட்ட லீக்கில் பெயர் கொடுக்கிற கெடு முடிந்தது. செம்மொழி டீச்சர் வேறொரு பெண்ணைக் கோலில் நிற்க வைத்துப் பெயர் கொடுத்துவிட்டார்.

ஆடி முடிகிற சமயத்தில் மேகலா ஒரு முடிவுக்கு வந்தாள். அதே தட்டில் புது வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, மேலே கிளவுஸையும் வைத்துத் தஞ்சாவூருக்கு எடுத்துப் போனாள். மைதானத்தில் பிரபுவிடம் நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"நீங்க குடுத்தது. திருப்பி வாங்கிக்கிட்டு எங்க புள்ளைய விட்டுடுங்க சார்."

பிரபுவுக்கு விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, அது எங்கம்மா குடுத்து விட்டது. ஒரு வீட்டுக்கு வெறுங்கையோட போகாதேன்னாங்க. மரியாதைக்குக் கொண்டாந்தது. அதுல என்ன கட்டுப்பாடு இருக்கு?"

"வீட்டுக்கா வந்தீங்க? வயலுக்கு வந்தீங்க."

"நீங்க வேணாம்னு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பேனே. எங்ககிட்ட முதல் கீப்பர் ஏற்கெனவே இருக்கு. எழில் ரெண்டாவது. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அது மேகலாவுக்கும் தெரிந்தது. கிளப்பிலிருந்து விடுவித்ததாக எழுதித் தருவதற்கு ஒப்புக்கொண்டார். கிளவுஸைப் பிள்ளையே வைத்துக்கொள்ளட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மேகலா கேட்கவில்லை.

"வெத்தலைய திருப்பிக் குடுத்தே, சரி. கிளவுஸ ஏன் குடுத்தே?" என்றான் மதிவாணன், விஷயத்தைக் கேட்டுவிட்டு.

"வெத்தலையோட வந்தது வெத்தலையோட போகணும்."

"அப்ப பழத்த?"

"அது புதுசா வாங்கி வச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எழில்மொழி அந்த வாரம் முழுக்க அம்மாவோடு பேசவில்லை.

பிறகு மேகலாவே செம்மொழி டீச்சரைத் தேடிப் போனாள். இந்தத் தடவை டீச்சர் காப்பி கொடுத்தார். தன் அணியில் சேர்க்க இனி வழியில்லை என்றார். சேர்க்க முடிந்தாலும், கோலில் நின்று ஆடிக்கொண்டிருக்கிற பெண்ணை எழுப்பிவிட்டு இவளை நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னார். மேகலாவுக்கு அது நியாயமாகவே பட்டது. டீச்சர் அதோடு விடவில்லை. தன்னோடு படித்த மர்யம் என்பவர் நாகப்பட்டினத்தில் மீனவப் பெண்பிள்ளைகளை வைத்து அணி நடத்துகிறார், அந்த மாவட்டத்து லீக் வேளாங்கண்ணித் திருவிழா கழிந்துதான் தொடங்கும், இன்னும் பெயர் கொடுக்கலாம் என்று சொல்லி, அப்போதே போன் போட்டுக் கொடுத்தார்.

மேகலா வணக்கம் சொன்ன கையோடு கேட்டாள்.

"எம் பொண்ணு நிப்பாளா, உக்காருவாளா?"

"நிப்பா அக்கா. எங்ககிட்ட கீப்பரே இல்ல. இருந்த புள்ள குடும்பத்தோட கேரளாவுக்குப் போயிட்டா. இப்ப பந்து வந்தா யாரு கிட்டக்க நிக்கிறாளோ அவதான் புடிக்கிறா. ஆனா சனி ஞாயிறு மட்டும் வந்துட்டுப் போறது ஆகாது. இங்கயே படிக்கணும், தினம் சாயங்காலம் பயிற்சிக்கு வரணும்."

"அத வீட்டுல பேசிட்டுச் சொல்லுறேன். வெத்தல பாக்கெல்லாம் வேணாம். நிப்பான்னு இன்னொருவாட்டி சொல்லுங்க."

"நிப்பா."

பெண்ணைத் தனியாக அனுப்ப இருவருக்குமே மனமில்லை. சம்பா நடவு வந்துகொண்டிருந்தது. மதிவாணன் போனால் குத்தகை நிலம் தரிசாகக் கிடக்கும். மேகலா போனால் செட்டை வள்ளியம்மை நடத்துவாள். அதனால் மேகலா போவதென்று ஆயிற்று. தை பிறக்கிறவரைக்கும் மர்யம் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை. நடவு அங்கேயும் நடக்கிறது, இவளுக்கு வேலை இல்லாமல் போகாது. பள்ளிக்கூடம் மாற்றுகிற வேலையை எல்லாம் செம்மொழி டீச்சரே கூடவந்து முடித்துக் கொடுத்தார். "சோத்துக்கு நான் பாத்துக்கிறேன், நீ புள்ளையப் பாரு" என்றான் மதிவாணன். சண்டை என்கிறார்களே, நடந்த பேச்சு இவ்வளவுதான்.

ஊரில் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. சென்னை, கோயம்புத்தூர் என்று ஒரு தடவை செட்டின் நடுவே சொல்லிவிட்டுப் பிறகு பட்டது போதும் என்றிருந்தாள். சம்பாவுக்கு வெற்றிலையோடு வந்தவர்களிடம், "அத்தாச்சிகிட்ட குடுங்க, நான் இந்தத் தடவ வாங்கல" என்று அனுப்பிவிட்டாள். மேகலா வெற்றிலை வாங்கவில்லை என்றால் சும்மா இருக்குமா? எங்கேயோ கிளம்பப் போகிறாள் என்று ஒரு பேச்சு, அது இரண்டாகி, ரேஷன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாகப்பட்டினத்தில் ஆளே வந்துவிட்டான்.

கிளம்பிய அன்று விடியலில் மதிவாணனுக்குத் தண்ணீர் முறை. மடையை விட்டு அவன் நகர்ந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குத் திரும்பிவிடும். வழியனுப்ப அவனால் வர முடியவில்லை. வீட்டுக்குச் சாவி ஒன்றுதான். பூட்டி எடுத்துப் போனால் சேறும் சகதியுமாக வருகிறவன் வெளியே நிற்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கொடுத்தால் எங்கே, எதற்கு என்று கேள்வி வரும். கதவைச் சாத்திவிட்டுப் போகலாம் என்றால், மழைக்கு ஊறிய கதவு, வெளியிலிருந்து இழுத்தால் இறுகிக்கொள்ளும், பிறகு உள்ளேயிருந்து ஒருவர் இழுத்தால்தான் வரும். அதைச் செதுக்க வேண்டும் என்று ஆனியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மேகலா பையைத் தோளில் மாட்டும்போது செட்டு நாற்றுக் கட்டோடு தெருவில் போனது. வள்ளியம்மை நின்றாள்.

"எங்கடி, பையும் மூட்டையுமா?"

"நாகப்பட்டினத்துக்கு அத்தாச்சி. கிழக்க தாழ்ந்த வயல்ல நாத்த நெருக்கி நடச் சொல்லுங்க. போன வருஷம் அங்க அழுகுச்சு."

"அது எனக்குத் தெரியும். நீ எப்ப வருவே?"

"லீக்கு முடிஞ்சு."

வள்ளியம்மை இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். மேகலா மகளைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

"அம்மா, கிளவுஸு?" என்றாள் எழில்மொழி. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகக் கேட்ட கேள்வி.

"மர்யம் டீச்சர் பழசு ஒண்ணு வச்சிருக்காங்களாம். நீ போய் நில்லு, மொதல்ல."

பஸ்ஸின் ஹாரன் பாலத்துப் பக்கம் கேட்டது. மேகலா வாசல்படி இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை என்று அதையும் ஒரு குற்றமாகச் சொல்கிறார்கள். பஸ் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் பார்த்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அடுப்பு மேடையில் மதிவாணனுக்குச் சோறு ஆக்கி, குழம்பு வைத்து, தட்டுப் போட்டு மூடியிருந்தது. கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருந்தால் அதுவும் தெரிந்திருக்கும்.